புஷ்பங்களின் வாசனையும் பறிக்கும் வேளையும்

காலையில் வாசனை அதிகமின்றி இருக்கும் மல்லிகை மொட்டு அந்தியில் மலர்ந்து மணப்பதை யாவரும் அறிவர். வெயில் தணிவதே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுவதுண்டு. வெயிலுக்கும் குளிர்ச்சிக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் செடி தன்னுள்ளேயே நாழிகையைக் கணக்கிட்டு வருகிறது என்பதே முக்கியமாக அறியத்தக்கது.

1729-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து வான சாஸ்திரியான டி மைரான், தொட்டாற்சுருங்கி இனத்துச் செடியொன்றை இருளில் வைத்துச் சோதித்தார். வெளிச்சம் படாதிருந்தும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மடிந்தன. வாசனைக்கும் இவ்விதக் கணக்கு உண்டென்பது, இரவில் மணக்கும் பெட்யூனியாச் செடியைப் பற்றி 2015-ம் வருஷம் வெளியான ஆராய்ச்சியால் நன்கு விளங்கிற்று. அச்செடியில் காலையில் மிகும் ஒரு புரதம் வாசனை உற்பத்தியைத் தடுத்து நிற்கிறது. மாலையில் அது குறையவே உற்பத்தி தொடங்குகிறது. அப்புரதத்தைக் குறைத்தபோது செடி உரிய வேளைக்கு முன்னரே மணந்தது. எந்நேரமும் மிகுந்திருக்கச் செய்தபோது வாசனை குன்றிற்று. இரவில் வரும் அந்துப்பூச்சியை அழைக்கும் மலர் பகலில் வாசனையைச் செலவிடாதிருப்பது அதற்கு லாபமே.

பூந்தோட்டம் வைத்திருப்போர் இதனின்று அறிய வேண்டியவை சில உள. சரம் தொடுக்க விற்கும் குண்டுமல்லியை, முற்றிய மொட்டாகச் சூரியோதயத்திற்கு முன் பறித்தல் வேண்டும். பறித்த பின்னும் மொட்டு உயிருடன் இருந்து, அன்று மாலையே மலர்ந்து வாசனையை உண்டாக்கும். முற்றாத மொட்டு சரிவர மலராது. வெயிலேறிய பின் பறித்துக் குவித்த பூ, மண்டி சேருமுன் வாடி விலை இழக்கும்.

வாசனைத் தைலத்திற்கு விற்கும் பிச்சிப்பூவின் முறை வேறு. அதை முழுதும் மலர்ந்த பின்னரே, விடியற்காலையில் பறிக்க வேண்டும். மொட்டுக்கள் கலந்தால் தைலம் குறையும். ரோஜாவிலோ வெயில் ஏற ஏறத் தைலம் குறைந்து விடும். பல்கேரியா தேசத்துக் கசன்லிக் பள்ளத்தாக்கில் அதை விடியற்காலையிலேயே பறித்துத் தாமதமின்றிக் காய்ச்சி வடிப்பது இதனாலேயே.

நிலமும் எருவும் கூலியும் ஒன்றாயிருந்தும், வேளை தவறிப் பறித்தவனுக்கு வரும்படி குறைகிறது. ஆகையால் ஆட்களையும் வண்டியையும் முன்னிரவிலேயே ஏற்பாடு செய்து கொள்ளுதல் நலம். பூ அதிகமாய் விளையும் ஊர்களில், விடியுமுன் எடைபோட்டு அனுப்புவதற்குக் கிராம அதிகாரிகளும் உதவி செய்வார்களாயின் குடிகளுக்குப் பெரும் பயன் உண்டாகும்.