கடைசி நாள் கண்ணில் பட வேண்டும்
(கணினிப் பாடம்)

கல்வி உதவித்தொகைக்கான அறிவிப்பைத் தட்டச்சு செய்கிறோம். தகுதி, இணைக்க வேண்டிய சான்றிதழ்கள், கடைசி நாள் என்று பக்கம் நிறைந்துவிடுகிறது. பலகையில் ஒட்டிய தாளைப் பலர் போகிற போக்கில்தான் படிக்கிறார்கள். அப்போது கடைசி நாள் கண்ணில் படாவிட்டால், தகுதியுள்ள ஒரு பிள்ளைக்கு அந்த ஆண்டு உதவி கிடைக்காமலே போகலாம். ஆகவே, முக்கியமானதை எடுப்பாகக் காட்டுவது அலங்காரம் அல்ல. படிப்பவருக்குச் செய்யும் உதவி. மைக்ரோசாஃப்ட் வேர்டில் அதற்கான வழிகளைப் பார்ப்போம்.

தடித்த எழுத்து: வேண்டிய சொற்களை மவுஸால் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையுடன் 'பி' விசையை அழுத்துங்கள். மறுபடி அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆங்கிலத்தைப் போலத் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. எனவே நமக்குத் தடிமனும் அளவும்தான் முதல் துணை. நாள், நேரம், இடம் ஆகியவற்றுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பக்கம் முழுவதையும் தடிப்பாக்கினால் எதுவும் தனித்துத் தெரியாது.

அடிக்கோடு: கன்ட்ரோலுடன் 'யு'. பு, சு, யு போன்ற எழுத்துகள் வரிக்குக் கீழே இறங்குபவை. கோடு அவற்றின் மீது விழுவதால், சிறிய எழுத்தில் முதியவர்கள் படிக்கச் சிரமப்படுவார்கள். தலைப்புக்கு மட்டும் போதும்.

சாய்ந்த எழுத்து: கன்ட்ரோலுடன் 'ஐ'. பல தமிழ் எழுத்துருக்களில் இதற்கெனத் தனி வடிவம் கிடையாது. இருக்கும் எழுத்தையே வேர்ட் சாய்த்துக் காட்டும். அறிவிப்புப் பலகையில் இது அவ்வளவாக எடுபடாது.

வண்ணப் பூச்சு: 'ஹோம்' பகுதியில் உள்ள ஹைலைட் பேனா, சொற்களுக்குப் பின்னால் வண்ணம் பூசும். கைப்பேசியில் அனுப்பும் அறிவிப்புக்கு இது நன்று. ஆனால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அடர்ந்த வண்ணங்கள் சாம்பல் திட்டாகி எழுத்தையே மறைத்துவிடும். வெளிர் மஞ்சள் பாதுகாப்பானது. சிவப்பு எழுத்தும் ஜெராக்ஸில் கறுப்போடு கலந்துவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே வண்ணத்தை மட்டும் நம்பாமல், தடித்த எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டம்: கடைசி நாளைத் தனிப் பத்தியாக்கி, 'ஹோம்' பகுதியில் 'பார்டர்ஸ்' என்பதைச் சொடுக்கி, 'அவுட்சைட் பார்டர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சுற்றிக் கட்டம் வந்துவிடும். ஜெராக்ஸிலும் இது மறையாது. மேலும் கீழும் ஒரு வரி இடம் விட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

நீக்குவதற்கு: சொற்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் தடிமன், சாய்வு, அடிக்கோடு மூன்றும் நீங்கும். ஹைலைட் மட்டும் போகாது. ஹைலைட் பேனாவில் 'நோ கலர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரதி எடுக்கும் முன் ஒரு தாளை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு, அதை அதுவரை படிக்காத ஒருவரிடம் காட்டி, "எந்தத் தேதிக்குள், எங்கே, என்னென்ன கொண்டுவர வேண்டும்?" என்று கேளுங்கள். தேடாமல் பதில் சொன்னால் அந்த அறிவிப்பை ஒட்டலாம். தேடினால், எதைக் குறைக்கலாம் என்று முதலில் பாருங்கள்.