மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் குதிரையும் கேப்பு முளையும்

நிலக்கடலை, கரும்பு, மரவள்ளி முதலிய பயிர்களைக் காட்டுப்பன்றிகளினின்று காக்கும்பொருட்டு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை லைசென்ஸ் பெற்று வைத்திருக்கும் குடியானவர்கள் உண்டு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இவ்வகைத் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு உரியதென்று தனியே குறிப்பிடுகின்றது. வேண்டிய இரவில் அது வெடிக்காமற் போனால், மருந்து ஈரம் காத்துவிட்டதென்று சொல்லுவது வழக்கம். வேறொரு காரணமும் உண்டு. குதிரையின் அடியால் கேப்பு முளை நசுங்கிப் போதலே அது.

விசையை இழுத்ததும், வில்லின் வேகத்தால் குதிரை பாய்ந்து, முளையின் தலையில் மாட்டிய செப்புக் கேப்பை அடிக்கின்றது. கேப்பில் உண்டாகும் தீ, முளையின் துவாரத்தின் வழியே சென்று குழாயிலுள்ள மருந்தைப் பற்றவைக்கின்றது. கேப்பு இருக்குங்கால் அடியின் வேகத்தை அது ஓரளவு தாங்கும். கேப்பின்றி விசையை இழுத்தாலோ, எஃகின்மேல் எஃகு மோதும். பலமுறை இவ்வாறு செய்தால் முளையின் நுனி காளானைப்போல் விரியும். அன்றி ஓரம் தெறிக்கும். விரிந்த முளையில் கேப்பு அடிவரை இறங்காது. முதலடி அதனைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாம் அடிக்கே வெடிக்கும்.

ஒரு கிராமத்தில் மிராசுதார் ஒருவரது துப்பாக்கியைத் திண்ணையில் வந்தமர்ந்தோரெல்லாம் கையிலெடுத்து, வெறுமனே விசையை இழுத்துப் பார்ப்பது வாடிக்கை. அறுவடைக்குப் பத்து நாள் முன்னர் பன்றிகள் புகுந்தபோது, மும்முறை இழுத்தும் அது வெடிக்கவில்லை. விடியுமுன் கடலைக் கொல்லையில் பெரும்பகுதி உழுதாற்போல் ஆயிற்று. முளையைக் கழற்றிப் பார்த்தபோது குறை விளங்கிற்று.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்க:

1. வெறும் முளையின்மேல் குதிரையை விடலாகாது. பெருவிரலால் பிடித்து மெல்ல இறக்குக.

2. பழகும்போதும், எடுத்து வைக்கும்போதும், குழாயில் மருந்தில்லை என்பதைக் கெட்டிக்கும் கோலை விட்டு நிச்சயித்துக்கொண்டு, முளையின்மேல் தடித்த தோல் துண்டொன்றை வைக்கவும்.

3. முளை நுனியில் விளக்குக் கரி தடவிக் குதிரையை மெல்ல இறக்கினால், கரி படும் இடம் தெரியும். ஒரு பக்கமாகவே பட்டால், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டுக.

4. நசுங்கிய முளையை அரத்தால் ராவலாகாது. முளை குட்டையானால் குதிரையின் அடி கேப்பில் முழுதும் விழாது. புது முளையைப் பொருத்தமான திருகுசாவியால் மாட்டுதலே நன்று.

5. சுட்ட அன்றே முளையையும் குழாயையும் வெந்நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து எண்ணெயிடுக. மருந்தின் கசடு ஈரத்தை இழுத்துத் துருவேற்றும்.

வெடிக்காத துப்பாக்கியை உடனே திருப்பிப் பார்ப்பது பேராபத்து. குழாயின் வாயை ஆளில்லாத திக்கில் நீட்டியபடி ஒரு நிமிஷமேனும் பொறுத்திருக்க வேண்டும். கேப்பு மாட்டிய முளையின்மேல் குதிரையை இறக்கிச் சுமந்து செல்வதும் ஆகாது. குதிரையில் விழும் ஓரடியே அதனை வெடிக்கச் செய்யலாம்.

தேர்தற் காலங்களில் துப்பாக்கிகளை ஒப்படைக்க நேருங்கால், சோதனை என்ற பெயரில் எவரும் விசையை இழுத்துப் பாராதபடி கிராம உத்தியோகஸ்தர்கள் எடுத்துரைப்பார்களாக. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிய அனுமதியின்றி விலங்குகளைச் சுடுதல் குற்றமென்பதையும் குடிகளுக்கு நினைவூட்டுதல் அவசியம். ஒரு சாண் தோல் பல முளைகளுக்குப் போதும். ஒரு போகத்தின் விளைச்சல் அதனால் காக்கப்படலாம்.