கல்லும் சுண்ணாம்பும் கற்பிக்கும் பாடம்

முன்னோரின் அறிவை அறிய ஏடுகள் மட்டும் போதா. அவர்கள் எழுப்பிய கட்டடங்களையும் படிக்க வேண்டும். இதற்காக எங்கள் வரலாற்று ஆசிரியையான அருட்சகோதரி அவர்கள் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களை ஒருநாள் பயணமாக அழைத்துச் சென்றார்கள். காலைச் செபம் முடித்து, புதுக்கோட்டையிலிருந்து பேருந்தில் காரைக்குடிச் சாலை வழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டோம்.

திருமயம்

சுமார் 20 கி.மீ. சென்றதும் திருமயம் கோட்டை தெரிந்தது. இதனை 1687-இல் கட்டியவர் இராமநாதபுரம் சேதுபதி மன்னர். பெரும்பாறை ஒன்றையே நடுவில் வைத்து மதில் எழுப்பியுள்ளனர். அடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் கோட்டையைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானவை. விடுதலை வீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊரும் இதுவே.

கானாடுகாத்தான்

அடுத்து, நகரத்தார் மாளிகைகள் நிறைந்த கானாடுகாத்தானை அடைந்தோம். பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் வணிகம் செய்து ஈட்டிய செல்வத்தால் எழுந்தவை இவ்வீடுகள். தூண்களுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. ஆனால் எங்களை வியக்கவைத்தது ஆடம்பரமன்று. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற அமைப்பே.

வாசலில் நின்றால் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என வரிசையாகக் கடந்து பின்வாசல் வரை பார்வை செல்கிறது. காற்றும் அவ்வழியே செல்கிறது. நடு முற்றத்தின் வழியே சூடான காற்று மேலேறி வெளியேறும். நாட்டு ஓடுகளைப் பல அடுக்காக வேய்ந்திருப்பதால் வெப்பம் உள்ளே இறங்காது. முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, தொட்டால் கண்ணாடிபோல் வழவழப்பாக, நண்பகலிலும் குளிர்ந்திருந்தது. கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் சேர்ந்து, வாய்க்கால் வழியாக ஊருணிக்குச் செல்லுமாறு ஊரையே திட்டமிட்டுள்ளனர். வறண்ட நிலத்தில் வாழ்ந்தவர்களின் முன்யோசனை இது!

ஆத்தங்குடி

இவ்வூரில் தரைக்கற்களைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகின்றனர். அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துகின்றனர். பின்பு நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துகின்றனர். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்ததே.

காரைக்குடி

மாலையில் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளைக் கண்டபோது எங்கள் மகிழ்ச்சி குறைந்தது. காலையில் வீடுகளில் கண்டவை போன்ற தூண்களும் நிலைக்கதவுகளும் இங்கே விலைக்குச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும், 1948-க்குப்பின் அங்கு நிலங்கள் நாட்டுடைமையானதும் பல குடும்பங்களின் செல்வத்தைக் கரைத்தன. பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். பல வீடுகள் பூட்டப்பட்டன. சில பிரித்து விற்கப்பட்டன.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டைக் காத்துவரும் பாட்டி கூறியது அப்போது நினைவுக்கு வந்தது: "ஆள் புழங்குற வீடு நிக்கும் பிள்ளைகளா, பூட்டுன வீடுதான் விழும்." உண்மைதான். ஓர் ஓடு உடைந்தால் மழைநீர் இறங்கும், உத்தரம் நனையும், கறையான் ஏறும், பிறகு சுவர் சரியும். உடனே ஓட்டை மாற்றியிருந்தால் வீடே பிழைத்திருக்கும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசுவதும் தவறு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் கெடும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் பட்டியல் கூரை வேயாது. அதை மனிதர்தாம் செய்ய வேண்டும்.

அன்புத் தோழியரே! உங்கள் ஊரிலும் பழைய சத்திரமோ ஆலயமோ பள்ளிக்கூடமோ இருக்கும். அதைக் கட்டியவர் யார், எப்பொருளால் கட்டினார் என்று பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். உடைந்த ஓட்டைக் கண்டால் உரியவரிடம் சொல்லுங்கள். காப்பது அங்கிருந்தே தொடங்குகிறது.

— பத்தாம் வகுப்பு மாணவியர்