பேய்ப்படத் தொடக்கமும் மரபும்

கைத்தொலைபேசி ஒன்றிருந்தாற் குறும்படம் எடுக்கலாம் என்னும் காலம் இது. ஊடகக் கற்கை பயிலும் மாணவர் பலர் முதன்முதல் எடுக்க விழைவது பேய்ப்படமே. இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுவாரும் உளர். அது பொருந்தாது. இருள், ஒலி, நடிப்போர் இருவர் என்னும் இவை போதும். பாட்டும் வேண்டா, படாடோபமும் வேண்டா. எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது, எவ்வளவு நேரம் காத்திருக்கச் செய்வது என்னும் படக்கலையின் அடிப்படைகள் யாவும் இவ்வகைப் படத்தின் முதல் இரண்டு நிமிடத்திலேயே சோதிக்கப்பட்டுவிடும். குறை யாதெனில், வெள்ளைச் சேலை, கொலுசொலி, இடிந்த வீடு, ஊளையிடும் நாய் ஆகிய நான்கையும் ஓரிடத்திற் சேர்த்துவிட்டால் அச்சம் தானே பிறக்கும் என்று நம் மாணவர் எண்ணிவிடுதலாம்.

மரபென்பது படைப்போனும் பார்ப்போனும் முன்னரே செய்துகொண்ட உடன்பாடு. இன்ன குறி தோன்றின் இன்னது வரும் என்று பார்ப்போன் அறிவான், அறிந்தமையாற் காத்திருப்பான், காத்திருக்கும்போதே அஞ்சுவான். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அச்சம் பிறக்கும் களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்தார். பின்னைய மூன்றும் கண்ணெதிரே நிற்கக்கூடியன. அணங்கொன்றே காணாதவழியும் அஞ்சச் செய்வது. அதனை அவர் முதலில் வைத்தமை நோக்கத்தக்கது.

இம்முறையை நன்கு கையாண்டவர் கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார். கடவுள் வாழ்த்து, கடைதிறப்பு, காடு பாடியது, கோயில் பாடியது, தேவியைப் பாடியது என்னும் ஐந்து பகுதிகளும் கடந்த பின்னரே பேய்களைப் பாடும் பகுதி வருகின்றது. முதலில் வெந்து வறண்ட காடு, அதன் நடுவே கோயில், கோயிலுள்ளே தேவி, தேவியைச் சூழப் பேய்கள். இடத்தை முற்றாக உண்டாக்கிய பின்னரே அவர் அவ்விடத்துக்கு உரியோரைக் கொணர்கின்றார். இந்நூல் எழுந்து ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும், முதற் காட்சியிலேயே பேயின் முகத்தைத் திரை நிறையக் காட்டிவிடும் மாணவன் இதிற் கற்றுக்கொள்ள வேண்டியது நிரம்ப உண்டு.

திரைப்படத்துறையிலும் வல்லோர் இவ்வாறே செய்தனர். 1964இல் வெளிவந்த ‘வோ கௌன் தீ’ என்னும் இந்திப் படத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் 1966இல் ‘யார் நீ’ எனப் பெயர்பெற்றது அதுவே. மழையிரவிலே தனியே காரோட்டி வரும் மருத்துவர் ஒருவர், வீதி நடுவில் வெள்ளைச் சேலையுடன் நிற்கும் பெண்ணொருத்தியை ஏற்றிக்கொள்கின்றார். அவள் ஏறியதும் கண்ணாடியின் மழைத்துடைப்பான் நின்றுவிடுகின்றது. வழி அவருக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிகின்றது. அச்சம் சேலையிலே இல்லை, நின்றுபோன துடைப்பானிலே இருக்கின்றது. நாள்தோறும் தவறாது நிகழும் சிறு செயலொன்று காரணமின்றித் தவறும்போது உள்ளம் நடுங்கும். 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ இதனை மேலும் துணிவாகச் செய்தது. அதிற் பாழ்மாளிகை இல்லை. பதின்மூன்றாம் மாடியிலே புதிதாக வாங்கிய வீடு. எல்லோருக்கும் இயங்கும் மின்தூக்கி கதைத்தலைவனுக்கு மட்டும் இயங்குவதில்லை, அவ்வளவே. யப்பானியப் படமான ‘ரிங்’ (1998) பாடசாலைச் சிறுமியர் இருவர் வீட்டிலிருந்து வதந்தியொன்றைப் பேசிக்கொள்ளுவதில் தொடங்குகின்றது. ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’ (1960) வெயிலெறிக்கும் பிற்பகலொன்றில், நாளும் நேரமும் திரையில் எழுதிக்காட்டித் தொடங்குகின்றது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மரபு எவ்விடத்தும் ஒரே பொருள் தருவதன்று. பிற நாட்டுப் படத்தில் இடிந்த வீடு என்றால், பார்ப்போன் அங்கே யாரோ என்றோ வாழ்ந்தனர் எனக் கற்பனை செய்வான். பரந்தனிலும் கிளிநொச்சியிலும் பார்ப்போனுக்குக் கற்பனை வேண்டியதில்லை. அவ்வீடு எந்த ஆண்டில், எதனால் இடிந்தது, அதில் இருந்தோர் யார் என்பதை அவன் அறிவான். சிலவேளை அது அவனது சொந்த வீடாகவே இருக்கும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் இடிபாடுகள் படப்பிடிப்புக்கு வாய்ப்பான களமென வெளியூரான் ஒருவனுக்குத் தோன்றலாம். அங்கே வேலைசெய்த குடும்பங்களுக்கு அது வேறு. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையும் இத்தகையதே. திரையில் அது வெறும் அலங்காரம். வன்னியில் அப்பலகைக்கு அப்பால் மிதிவெடி இருக்கலாம் என்பது பொருள். (படமெடுக்கும் ஆவலில் எவரும் அதனைத் தாண்டலாகாது. பாழ்ங்கிணறுகளையும் கவனித்துக்கொள்க.) போரிலே கணவரை இழந்த பெண்டிர் இத்துணைப்பேர் வாழும் மாவட்டத்தில் வெள்ளைச் சேலையைப் பேயின் உடையாக்குவதை நான் விரும்பேன். பரணிப் பேய்கள் களத்திலே கூழடுவதும் நமக்கு உதவாது. பரணி வென்றவனைப் பாடுவது. அதன் பேய்கள் சிரித்து உண்ணும். 2009இன் பின் இங்கே அச்சிரிப்பை எவர் கேட்பர்?

எல்லாவற்றினும் நுண்ணியது படலையடியில் நிற்கும் உருவம். இருளிலே வாயிலில் ஒருவர் அசையாது நின்றால் அஞ்சவேண்டும் என்பது பேய்ப்பட மரபு. ஆயின் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே தொடங்கிய போராட்டத்தை நாம் அறிவோம். அத்தாய்மாரில் ஒருவருக்கு இரவிலே படலையடியில் உருவம் தோன்றினால் அவர் அஞ்சுவாரா, ஓடிச்சென்று திறப்பாரா? இவ்வினாவை எழுப்பத் தெரிந்த மாணவனே மரபைக் கையாளத் தெரிந்தவன் என்பது என் துணிபு.

கடன்வாங்கிய குறிகளுக்கு ஈடாக நம்மூர்க் குறிகள் இல்லாமலில்லை. கிறீச்சிடும் கதவு ஐரோப்பியர்க்கு எதுவோ அதுவே வயல்வெளியில் ஆட்காட்டிக் குருவி. ஆள் நடமாடினால் அது கத்தும். பெயரே அதனாற்றான் வந்தது. மாரிகாலத்துத் தவளையொலி இன்னுஞ் சிறந்தது. இடையறாது கேட்கும் அவ்வொலி, அருகே எவரேனும் வந்தால் அவ்விடத்தில் மட்டும் சட்டென நிற்கும். ஒலி நிற்பது கொண்டு வரவை அறிதல் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான செய்தி. கொலுசு வேண்டியதேயில்லை.

செய்முறை குறித்துச் சில சொல்வேன். கைத்தொலைபேசிக் கமெரா நள்ளிருளிற் புள்ளிபுள்ளியாகப் படமெடுக்கும். எனவே பொழுது மறைந்த பின்னுள்ள சுமார் இருபது நிமிட மைம்மலிலேயே இரவுக் காட்சிகளை எடுத்தல் நன்று. ஒத்திகையை அதற்கு முன்னரே முடித்துவிடுக. ஒளியளவைப் பூட்டிவைக்காவிடின் கருவி தானே இருளை வெளிச்சமாக்கிக் கெடுத்துவிடும். ஒலியை வேறொரு தொலைபேசியிற் பதிவுசெய்து, காற்றிரைச்சல் புகாதபடி ஒலிவாங்கியைத் தடித்த துணியால் மூடுக. தவளையொலியை வயலின் தொலைவில் ஒன்று, நடுவில் ஒன்று, வீட்டருகில் ஒன்று என மூன்றாக எடுத்துக்கொள்க. உறவினரைத் தேடும் குடும்பத்தாரின் வளவிற் படமெடுப்பதாயின், கதை முழுவதையும் முன்னரே அவர்களுக்குச் சொல்லி ஒப்புதல் பெறுதல் வேண்டும்; அவர்கள் வேண்டாமென்றால் வேண்டாம்.

எடுத்துக்காட்டாக ஒரு தொடக்கம். மைம்மல். சிறுவன் படலையைச் சாத்துகின்றான். மூன்று தவளையொலியும் கேட்கின்றன. உள்ளேயிருந்து தாயின் குரல்: “தம்பி, படலை சாத்தினனியோ?” “ஓமம்மா.” தொலைவிலுள்ள ஒலி நிற்கின்றது. அவன் திரும்பிப் பார்க்கின்றான், வெறும் வயல். ஆட்காட்டி ஒருமுறை கத்துகின்றது. நடுவிலுள்ள ஒலியும் நிற்கின்றது. அவன் படலையை இரு கையாலும் இறுகப் பற்றுகின்றான். கமெரா அவன் முகத்தை விட்டு அகலாமல் பத்து விநாடி நிற்கவேண்டும். வீட்டருகில் உள்ள ஒலியும் அடங்குகின்றது. பின்னால் அரிக்கன் லாம்பின் வெளிச்சம் நெருங்கி வருகின்றது. தாய் வந்து, அவன் கைகளை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, படலையைத் திறக்கின்றாள். படத்தின் பெயர் அதன் பின்னரே திரையில் வரலாம்.