நிலைப்படுத்திய மின்வழங்கியும் ஆய்வுகூட அலையியற்றியும்

நீண்டும் குறுகியும் நிற்கும் அளவுகோலைக் கொண்டு அளந்த நீளத்திற்கு மதிப்பில்லை. வானொலி மீடிறன்களை ஆராயும் ஆய்வுகூடத்தில் அலையியற்றியே அளவுகோலாகும். சுற்றொன்றின் பரிவையோ, வாங்கியொன்றின் உணர்திறனையோ அறிய விரும்புவோர் அதிலிருந்து வரும் அலையையே நம்பியிருக்கின்றனர். அவ்வலை பிறழாதிருக்க வேண்டுமாயின், அலையியற்றிக்கு மின் ஊட்டும் வழங்கி முதலில் பிறழாதிருத்தல் வேண்டும். வெற்றிடக் குழாய்க் காலத்தவர் இதனை எங்ஙனம் சாதித்தனர் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்சு மாநிலத்தில் 1915ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜெனரல் றேடியோ கம்பெனி, 1950களில் 'யூனிற்' என்னும் வரிசையில் சிறு ஆய்வுகூடக் கருவிகளை விற்றது. அவற்றுள் 1208ஆம் இலக்க அலையியற்றி 65 முதல் 500 மெகாசைக்கிள் வரையும், 1209ஆம் இலக்கத்தது 250 முதல் 920 மெகாசைக்கிள் வரையும் அலைகளைத் தந்தன. இவற்றின் பக்கத்தில் நேராகச் செருகத்தக்கதாக 1201ஆம் இலக்க நிலைப்படுத்திய மின்வழங்கி அமைந்திருந்தது. அது 300 உவோற்றில் 70 மில்லியம்பியர் வரை நேரோட்டம் வழங்கியது. குழாய்களின் இழைகளைச் சூடாக்க 6.3 உவோற்று ஆடலோட்டமும் தந்தது.

தேவை

தாழ்ந்த மீடிறன்களில் அலையியற்றியின் சுருளும் கொள்ளளவியும் பெரியன. குழாயினுள்ளே இயல்பாக உள்ள சில பிக்கோபரட்டுக் கொள்ளளவம் அவற்றின் முன் அற்பமானது. மீடிறன் உயர உயரச் சுற்றின் கொள்ளளவி சிறுத்துக் குழாயின் கொள்ளளவம் முக்கிய பங்கு பெறுகின்றது. அனோட்டின் அழுத்தம் மாறினால் குழாயின் இயல்புகள் மாறும். அவற்றோடு மீடிறனும் நகரும். 500 மெகாசைக்கிளில் இலட்சத்தில் ஒரு பங்கு பிறழ்ந்தாலும் அது 5,000 சைக்கிளாகும். மேலும், 50 சைக்கிள் ஆடலோட்டத்தை முழுவலையாகச் சீராக்கும்போது 100 சைக்கிள் குற்றலை எஞ்சுகின்றது. அது வழங்கியினூடாகப் புகுந்தால், அலையின் வீச்சமும் மீடிறனும் செக்கனுக்கு நூறு முறை ஆடும்.

அமைப்பு

நிலைமாற்றி, சீராக்கி, வடி ஆகிய மூன்றும் எல்லா வழங்கிகளிலும் உள்ளவை. நிலைப்படுத்திய வழங்கியில் இவற்றின் பின்னே மேலும் மூன்று உறுப்புக்கள் வருகின்றன. முதலாவது, வெளியோட்டம் முழுவதும் ஊடுசெல்லும் தொடர்குழாய். இதற்கு 6080 போன்ற குழாய்கள் பயன்பட்டன. இரண்டாவது, மாறா அழுத்தம் தரும் வாயுக் குழாய். 5651 என்னும் குழாய் ஏறத்தாழ 87 உவோற்றைத் தாங்கி நிற்கும். மூன்றாவது, வெளியழுத்தத்தின் ஒரு பங்கை அம்மாறா அழுத்தத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பெருக்கித் தொடர்குழாயின் நெய்யரிக்கு அனுப்பும் விரியலாக்கி.

வெளியழுத்தம் உயர்ந்தால் நெய்யரியின் அழுத்தம் தாழ்கின்றது. தொடர்குழாயின் தடை கூடி, உயர்ந்தது தணிகின்றது. தாழ்ந்தால் எதிர்மாறாக நிகழும். இதுவே எதிர்ப் பின்னூட்டல் எனப்படும்.

கணக்கு

மாணாக்கர் தெளிவுபெற ஓர் உதாரணம் காண்போம். 300 உவோற்றுக்குக் குறுக்கே 71,000 ஓம், 29,000 ஓம் ஆகிய இரு தடைகளைத் தொடராக இணைத்தால் 3 மில்லியம்பியர் ஓடும். கீழ்த்தடையின் குறுக்கே 87 உவோற்றுக் கிடைக்கும். வெளியழுத்தம் 1 உவோற்று மாறினால் இங்கு 0.29 உவோற்று மாறும். விரியலாக்கியின் பெருக்கம் 100 ஆயின் நெய்யரியில் 29 உவோற்றுத் திருத்தம் தோன்றும். தொடர்குழாயின் பெருக்கத்தை ஒன்றெனக் கொண்டால், வெளிமாற்றம் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். பின்னூட்டல் இன்றி 6 உவோற்று விழவேண்டிய இடத்தில் 0.2 உவோற்றே விழும்.

எல்லை

இந்நன்மைக்கு விலையுண்டு. வடியிலிருந்து 420 உவோற்று வருமாயின், தொடர்குழாய் 120 உவோற்றைத் தாங்கி, 70 மில்லியம்பியரில் 8.4 உவாற்றை வெப்பமாக வீணாக்குகின்றது. ஊர் மின்சாரம் மிகத் தாழ்ந்து, அக்குழாய் இயங்கப் போதிய அழுத்தம் எஞ்சாதபோது திருத்தம் நின்றுவிடும்; குற்றலையும் வெளிப்படும். இழைக்குச் செல்லும் 6.3 உவோற்று நிலைப்படுத்தப்படாததாயின் அது ஊர் மின்சாரத்தோடு ஏறியிறங்கும். ஆகவே கருவியை நன்கு சூடேறவிட்டு அளப்பதே முறை.

பழைய கருவியைக் கையாளல்

பல்லாண்டு உறங்கிய வழங்கியை நம் 230 உவோற்று மின்சாரத்தில் திடீரென இணைத்தலாகாது. அது 115 உவோற்றுக்கு அமைந்ததா என்பதைப் பெயர்த்தகட்டில் முதலிற் காண்க. மின்பகு கொள்ளளவிகளின் உள்ளே உள்ள ஒட்சைட்டுப் படலம் காலத்தால் நலிந்திருக்கும்; அவற்றைச் சோதித்து, வேண்டியவற்றை மாற்றுதல் நன்று.

மின்னை நிறுத்திய பின்னும் ஆபத்து நீங்குவதில்லை. 400 உவோற்றுக்கு ஏற்றிய 40 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியில் 3.2 யூல் சக்தி தங்கியிருக்கும். அது உயிருக்கே ஊறு செய்யலாம். காவலிட்ட பிடியுள்ள 10,000 ஓம் தடையினூடாக 2 செக்கனுக்கு மேல் அதனை இறக்கி, உவோற்றுமானியால் உறுதிசெய்த பின்னரே கைவைத்தல் வேண்டும். ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நெஞ்சினூடாக மின்னோடும் வாய்ப்பைக் குறைக்கும்.

இறுதியில், ஏறத்தாழ 4,300 ஓம், 50 உவாற்றுத் தடையைச் சுமையாக இணைத்து, சுமையோடும் சுமையின்றியும் வெளியழுத்தத்தை அளக்க. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாயின் கருவி நலமுடையது. பெரிதும் வேறுபடின் தொடர்குழாய், விரியலாக்கி, வாயுக் குழாய் என்னும் வரிசையில் ஆராய்க.

இன்று குழாய்களின் இடத்தைத் திரான்சிற்றரும் ஒருங்கிணைந்த சுற்றும் பெற்றுவிட்டன. எனினும் தொடர் உறுப்பு, மாறா அழுத்தம், ஒப்பிடும் விரியலாக்கி என்னும் மூன்றும் அவற்றுள்ளும் அப்படியே உள்ளன. சிறு சில்லினுள்ளே கண்ணுக்குப் புலப்படாதவற்றைப் பழைய வழங்கியோ உறுப்பு உறுப்பாகத் திறந்து காட்டுகின்றது. ஆய்வுகூட மூலையில் அத்தகைய கருவி ஒன்று கிடப்பின், எறியுமுன் அதனை ஆசிரியர் முன்னிலையில் ஒருமுறை திறந்து பார்ப்பது மாணாக்கருக்குப் பெரும் பயன் தரும்.