நினைவிற் கட்டிய கோயில்

கண்ணாற் காணப்படாத பொருள்களுக்கும் மதிப்புண்டு என்பதைச் சிறுவர்க்கு உணர்த்துதல் எளிதன்று. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குக் கோயில் என்றவுடன் நினைவில் எழுவது கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயம். 1857ஆம் ஆண்டிலே பொன்னம்பல முதலியார் அமைத்த அதனை, அவர் புதல்வர் இராமநாதன் 1907 முதலாகக் கருங்கல்லாற் புதுக்கினார். அத்தூண்களைத் தொட்டுப் பழகிய பிள்ளை, பூசலார் நாயனார் மனத்திலே கோயில் கட்டினார் என்றால், "அது எங்கே இருக்கிறது, சேர்?" என்றே கேட்கும்.

நாம் பாதிரிமார் கல்லூரியிற் பயின்ற காலத்தில், ஆசிரியரொருவர் நம்மைக்கொண்டு இச்சரிதத்தைச் சொல்வித்து, "அக்கோயில் எத்தனை முழ நீளம்?" என வினாவி வகுப்பைச் சிரிக்கவைத்தார். நாம் விடையின்றித் தலைகவிழ்ந்து நின்றோம். சேக்கிழார் நூலிலேயே விடையிருந்ததை அறிய நமக்கு நெடுங்காலஞ் சென்றது.

பூசலார் திருநின்றவூரினர். ஆலயம் எடுக்கப் பொருள் தேடி எங்குந் திரிந்தும் சிறிதும் பெற்றிலர். அதன்பின்னரே மனத்தில் எடுக்கத் துணிந்தார். உபாத்தியாயர் இவ்விடத்தை விரைந்து கடத்தல் கூடாது. நாயனார் ஒரு கணத்திற் கோயிலை நினைத்து முடித்தாரல்லர். நினைவினாலே நிதியஞ் சேர்த்தார். சாதனங்களோடு தச்சரையுந் தேடினார். நன்னாளிலே ஆகம விதிப்படி அடிநிலை அமைத்தார். இரவிலுங் கண்டுயிலாது பணிசெய்தார். சிகரம் முற்றியபின் தூபி நட்டு, சுதை தீற்றி, கிணறும் மதிலுங் குளமும் அமைத்து, பிரதிட்டைக்கு நாளுங் குறித்தார். மனத்தில் எடுப்பதுதானே என்று கிணற்றையேனும் விட்டாரா? இல்லை.

அந்நாளையே காடவர்கோனும் காஞ்சியில் தான் எடுத்த கற்றளிக்குக் குறித்திருந்தான். பெருமான் அவன் கனவில் தோன்றி, "நாளை நாம் பூசலன் ஆலயம் புகுவோம்; நின் செயலைப் பின்னர்க் கொள்க" என்றருளினார். நின்றவூரில் அரசன் வினாவியபோது, அங்ஙனம் ஓர் ஆலயம் இல்லை என்றே ஊரவர் கூறினர். அவன் தானே நாயனாரிடஞ் சென்று, உண்மை கேட்டு, நிலத்தில் வீழ்ந்து வணங்கி மீண்டான்.

நிற்க. சைவருட் சிலர் இச்சரிதத்தைக் காட்டிக் கற்கோயில் வேண்டா என்பர். நாயனார் முதலில் விரும்பியது கற்கோயிலே என்பதை அவர் மறந்தனர். சிவபூசை விதியில் அகப்பூசை முன்னும் புறப்பூசை பின்னும் வருகின்றன. ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை.

வகுப்பிலே நாம் செய்வது இது. "இன்றிரவு மனத்தில் ஒரு விளக்கேற்றி, நாளை வந்து சொல்" என்போம். மறுநாள் "ஏற்றினேன்" என்று மட்டும் சொல்லும் பிள்ளையை விடுவதில்லை. எண்ணெய் எது? திரியை யார் திரித்தார்? மனம் எங்கே ஓடிற்று? வெள்ளவத்தையிற் காலி வீதி இரைச்சலுக்கு நடுவே ஒரு திரி ஏற்றுவதற்குள் மனம் பத்துமுறை கடைக்குப் போய்வரும், நமக்கே அப்படித்தான். பின்னர், அம்மா கட்டித்தந்த பொதியிற் சோறும் கறியுமன்றி வேறென்ன இருந்தது என்று கேட்போம். சில பிள்ளைகள் நெடுநேரம் பேசாதிருப்பர். அம்மௌனத்தைக் குலைத்தலாகாது.

திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் என்னுந் திருநாமத்தோடு கற்கோயில் ஒன்று உண்டு. அதன் படத்தைப் பாடம் முடிந்தபின் காட்டுக. முன்னரே காட்டினால் பிள்ளை கல்லையே பற்றிக்கொள்ளும்.