மெலிவும் வலிவும்

மனிதன் நெடுங்காலம் அஞ்சியது பசியையே. பஞ்சமும் வறட்சியும் மாறிமாறி வந்த நம் நாட்டில் பருத்த உடல் செல்வத்தின் அறிகுறியாகவும், மெலிந்த உடல் வறுமையின் அறிகுறியாகவும் கருதப்பட்டு வந்தன. இன்றோ நிலை தலைகீழாயிற்று. குறையால் வரும் நோயோடு மிகையால் வரும் நோயும் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே வீட்டில், குடியிருக்கக் காண்கின்றோம். இம்மிகையை நீக்கும் வழி யாது, அவ்வழியில் செல்வோர் இழக்கத்தக்கது எது, இழக்கத்தகாதது எது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1. கேட்டின் அளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நிகழ்த்தப்பெற்ற நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. 2008 முதல் 2020 வரை, இருபது வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேர் அதில் சோதிக்கப்பெற்றனர். இந்நாட்டில் உடற்பருமன் உடையோர் நூற்றுக்கு 28.6 பேர் என்றும், புதுச்சேரியிலோ நூற்றுக்கு 53.3 பேர் என்றும் அவ்வாய்வு காட்டிற்று. வயிற்றுப் பருமன் உடையோர் நாடளவில் 39.5, புதுச்சேரியில் 61.2. இவ்விரண்டிலும் முதலிடம் புதுச்சேரியினதே. நீரிழிவில் கோவா 26.4 எனவும், அதனை அடுத்துப் புதுச்சேரி 26.3 எனவும் நின்றன. சிறிய நிலப்பரப்பாயினும் நோயின் வரிசையில் நாம் முன்னிற்கின்றோம்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், வில்லியனூர்க் கொம்யூனைச் சார்ந்தது அரியூர். நெல்லும் கரும்பும் விளையும் பகுதி அது. சர்க்கரை ஆலை ஒன்று இயங்கிய ஊரும் அதுவே. இன்று மருத்துவக் கல்லூரி ஒன்றைத் தன்பால் கொண்டுள்ள ஊரும் அதுவே. சர்க்கரையைச் செய்த இடமும், சர்க்கரை நோய்க்கு மருந்து பெறும் இடமும் ஓர் ஊரிலேயே அமைந்தமை எண்ணிப் பார்த்தற்குரியது. எனினும், குற்றம் முழுவதையும் கரும்பின்மேல் சுமத்துவது முறையன்று. உண்மையான காரணம் நம் தொழில் மாறியும் நம் இலை மாறாமையே ஆகும்.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவர் ஒருவர் கடும் உழைப்பாளியாயின் அவருக்கு நாளொன்றுக்கு 3470 கலோரி வேண்டும். அமர்ந்து தொழில் புரிபவராயின் 2110 போதும். 55 கிலோ எடையுள்ள பெண்டிர்க்கு இவ்வளவுகள் முறையே 2720, 1660 ஆகும். ஆடவர் திறத்தில் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு 1360 கலோரி. அஃதாவது ஏறக்குறைய 390 கிராம் அரிசி. ஏர் பிடித்த பாட்டனாரின் சோற்றளவை, நாற்காலியில் அமர்ந்த பேரன் குறையாமல் உண்பானாயின், அம்மிகை எங்கே சென்று தங்கும்? வயிற்றிலன்றோ தங்கும்!

2. எடை வேறு, கொழுப்பு வேறு

பருமன் என்றவுடன் தராசையே நினைக்கின்றோம். தராசோ எடையைக் கூறுமேயன்றி அவ்வெடை எதனால் ஆயது எனக் கூறாது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2004இல் வெளியாயிற்று. புனே நகரின் மருத்துவ அறிஞர் யாக்னிக் என்பாரும், இலண்டனைச் சார்ந்த அறிஞர் யூட்கின் என்பாரும் தம்மையே அளந்து பார்த்தனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல்நிறை எண் இருவர்க்கும் ஒன்றே, 22.3. ஆயின், யூட்கின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கும், யாக்னிக் உடலில் 21.2 பங்கும் இருந்தன. நோக்குவார்க்கு மெலிந்தும் உள்ளே கொழுத்தும் இருப்பது நம்மவர் பலரின் இயல்பு என்பது இதனால் விளங்கிற்று. அதுபற்றியே நம் நாட்டார்க்கு உடல்நிறை எண் 23 ஆயின் மிகையெடை எனவும், 25 ஆயின் பருமன் எனவும் கொள்ளப்படுகின்றது. மேனாட்டார்க்கோ இவ்வெல்லைகள் 25, 30 ஆகும்.

ஆதலின் தராசோடு அளவுநாடாவும் வேண்டும். விலாவெலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் நாடாவைச் சுற்றி அளத்தல் வேண்டும். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகும். எல்லையைக் கடந்தவர், தராசு என்ன கூறினும், எச்சரிக்கை கொள்ளுதல் நன்று.

3. கலோரிக் கணக்கு

கலோரி என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடேற்றும் வெப்பமே உணவு நூலார் கூறும் ஒரு கலோரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறிஞர் ஆட்வாட்டர் என்பார், மனிதன் உள்ளே இருந்து உண்டு, உறங்கி, உழைக்கத்தக்க அறை ஒன்றை அமைத்து, உடல் வெளிவிடும் வெப்பத்தை அளந்தார். மாப்பொருள் ஒரு கிராமுக்கு 4 கலோரியும், புரதம் 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தரும் என்னும் வாய்பாடு அவர் உழைப்பின் பயன். மதுவின் சாராயம் கிராமுக்கு 7 கலோரி தருவது.

நம் உணவுப் பொருள்களுக்கு இத்தகைய ஆராய்ச்சி நடைபெற்ற இடம் நீலகிரியிலுள்ள குன்னூர். அங்கு மக்காரிசன் என்பார் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து, அவர்க்குப் பின் தலைமை ஏற்ற அய்க்ராய்டு என்பார், இந்திய உணவுகளின் சத்தளவைக் காட்டும் அட்டவணையை 1937இல் வெளியிட்டார். 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்ற அக்கூடமே மேலே நாம் குறித்த தேசிய நிறுவனம்.

உடலில் ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறக்குறைய 7700 கலோரி குறைதல் வேண்டும். நாள்தோறும் 500 கலோரி குறைப்பின் வாரத்தில் 3500. அஃதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதற்குப் பட்டினி வேண்டுவதில்லை. அரிசி 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு 20. நாளைய அரிசியில் 70 கிராமும், தாளிப்பில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும், மூன்று வேளைக் காப்பியில் இவ்விரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் குறைப்போமாயின் 485 கலோரி குறைந்துவிடும். மதுவருந்தும் பழக்கமுடையோர் 180 மில்லிலிட்டர் பிராந்தியிலேயே 400 கலோரிக்கு மேல் உட்கொள்கின்றனர் என்பதையும் அறிதல் வேண்டும்.

நடந்தே இளைத்துவிடலாம் என்பார் பலர். ஒரு மணி நேர நடையில் 60 கிலோ எடையுள்ளார் செலவிடுவது ஏறக்குறைய 200 கலோரி. கடைத்தெருவில் வடையும் இனிப்புக் காப்பியும் கொண்டு மீள்வாராயின் செலவிட்டது அவ்வளவும் திரும்ப வந்துவிடும். நடை இதயத்துக்கும் மனத்துக்கும் மிக நல்லது. ஆயின், எடையைக் குறைப்பதில் முதற்பங்கு இலைக்கே உரியது.

இன்னொன்று. எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறையும். ஆகவே முதல் மாதத்தின் வேகம் ஆறாம் மாதத்தில் இராது. இது தோல்வியன்று, கணக்கின் இயல்பே என்றறிந்து, மனந்தளராது அளவைச் சிறிது திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

4. மிகைப்பட்டினியின் தீங்கு

குறைப்பது நன்றெனின் மிகக் குறைப்பது மிக நன்றாகுமோ எனின், ஆகாது. 1945இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீசு என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தினார். மனச்சான்றின் பொருட்டுப் போர்க்கருவி ஏந்த மறுத்த 36 இளைஞர், போரால் பசித்த மக்களுக்குத் தொண்டாகுமென அதற்கு மனமுவந்து உடன்பட்டனர். 24 வாரம் அரைவயிற்று உணவுண்டு அவர்கள் தம் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தனர். உடல் வலிமை குன்றிற்று, குளிர் தாங்கவில்லை, நாடித்துடிப்புத் தாழ்ந்தது, உள்ளம் சோர்ந்து, இரவும் பகலும் உணவையே எண்ணிற்று. பின்னர் உணவு கிடைத்தபோது தசை மீள்வதற்கு முன் கொழுப்பே விரைந்து மீண்டது. திடீர்ப் பட்டினியால் இளைப்போர் முன்னினும் பருத்து மீள்வதன் விளக்கம் ஒருவாறு இதனால் பெறப்படும்.

5. தசையைக் காத்தல்

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். உணவை மட்டும் குறைத்து இளைப்போர் இழக்கும் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கே கொழுப்பு. எஞ்சிய பங்கு தசை முதலியன. தசையோ வீண்சுமை அன்று. உண்டபின் இரத்தத்தில் எழும் சர்க்கரையைப் பெரிதும் ஏற்று வைக்கும் களஞ்சியம் அதுவே. முன்னமே கொழுப்பு மிகுந்து தசை குறைந்த நம்மனோர் அதனையும் இழப்பாராயின், தராசில் வென்று உடலில் தோற்றவராவர்.

இதனைத் தடுக்கும் வழி எடை தூக்கும் பயிற்சி. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், பருமனுற்ற முதியோர் 160 பேர் பங்கேற்றனர். உணவைக் குறைத்தவருள் ஒரு சாரார் நடை முதலிய பயிற்சியையும், ஒரு சாரார் எடை தூக்கும் பயிற்சியையும், மற்றொரு சாரார் இரண்டையும் ஆறு திங்கள் மேற்கொண்டனர். மூவகையினரும் எடையில் நூற்றுக்கு 9 பங்கு குறைந்தனர். ஆயின், கொழுப்பல்லாத உடற்பகுதியில் நடைப்பயிற்சியினர் இழந்தது நூற்றுக்கு 5. எடை தூக்கியோர் இழந்தது 2. இரண்டும் செய்தோர் இழந்தது 3. அன்றாடச் செயல்களைச் செய்யும் ஆற்றலில் மிக முன்னேறியவர் இரண்டையும் செய்தவரே. குறைந்த எடை ஒன்றாயினும் குறைந்த பொருள் ஒன்றன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

முதுமை இதற்குத் தடையாமோ என ஐயுறும் பழைய மாணவர்க்கு ஒரு செய்தி. 1990இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் தொண்ணூறு வயதையொட்டிய பத்து முதியோர் எட்டு வாரம் கால்களால் எடை தூக்கிப் பயின்றனர். அவர்கள் கால்வலிமை சராசரி நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது.

நம் முன்னோர்க்கு இக்கலை புதிதன்று. ஊர்ப்பொதுவில் கிடந்த இளவட்டக்கல்லும், கர்லாக்கட்டையும், தண்டாலும் பஸ்கியும் எடை தாங்கும் பயிற்சிகளே. 1920இல் ஆரி பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவி, இத்துறையைக் கல்வியின் ஓர் அங்கமாக்கினார். பின்னர், 1945 அளவில், காயமுற்ற போர்வீரரைத் தேற்றிய அமெரிக்க மருத்துவர் டிலோர்மி என்பார், எடையைச் சிறிது சிறிதாக ஏற்றிச் செல்லும் முறையை வகுத்தார். அவ்வேற்றமே இப்பயிற்சியின் இலக்கணம்.

6. செயன்முறை

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையே ஒரு நாள் ஓய்வுவிட்டு, அரைமணி முதல் முக்கால்மணி வரை பயிலல் வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. மணல் நிரப்பிய கோணிப்பையும் நீர் நிறைந்த குடமும் போதும். ஐந்து அசைவுகள் உடல் முழுவதையும் தழுவும். நாற்காலியில் அமர்ந்து கையூன்றாது எழுதல், பின்னர்ச் சுமையோடு எழுதல்; சுவரில் கையூன்றித் தள்ளுதல், பின்னர்த் தரையில் தண்டால் எடுத்தல்; முதுகை நேராக வைத்துத் தரையிலிருந்து சுமையைத் தூக்குதல்; குனிந்த நிலையில் சுமையை இடுப்பளவு இழுத்தல்; தலைக்கு மேல் சுமையை உயர்த்துதல் என்பன அவை. ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, இளைப்பாறி, மீண்டும் ஒருமுறையோ இருமுறையோ அவ்வாறே செய்க. இறுதி இரண்டு முறையும் கடினமாக இருத்தல் வேண்டும், உருவம் மட்டும் சிதையலாகாது, மூச்சை அடக்கலாகாது. பன்னிரண்டும் எளிதாயின் சுமையைச் சிறிது கூட்டுக.

சோறு குறைந்த இடத்தில் புரதம் ஏறுதல் வேண்டும். எடை குறைக்கும் காலத்தில் உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1.2 கிராம் புரதம் கொள்வது தசையைக் காக்கும். 60 கிலோ எடையுள்ளார்க்கு 72 கிராம். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, நம் கடற்கரை தரும் மீன் ஆகியவற்றால் இதனை நிரப்பலாம். இவை யாவும் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பொதுவே. சுமை தூக்குதல் பெண்டிர்க்குரிய எலும்பு நலத்துக்கும் துணையாவது.

சில எச்சரிக்கைகளும் உள. நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ கொள்வோர் உணவைக் குறைக்கின் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். ஆதலின் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. இதயநோய், இரத்த அழுத்தம், சிறுநீரகக் குறை உடையோர்க்கும் அஃதே விதி. கருவுற்றோரும், பாலூட்டுவோரும், வளரும் சிறாரும் தாமாக உணவைக் குறைத்தல் தகாது. முன்னமே மெலிந்திருக்கும் மாணவர், அழகின் பொருட்டுப் பட்டினி கிடத்தல் நோயை விலைகொடுத்து வாங்குவதாகும்.

7. முடிவுரை

இம்முயற்சியால் பெறும் பயன் அழகு மட்டும் அன்று. 2017இல் பிரிட்டனிலிருந்து வெளியான ஓர் ஆராய்ச்சியில், நீரிழிவு தோன்றி ஆறாண்டுக்கு மேற்படாத நோயாளர்க்கு மருத்துவர் மேற்பார்வையில் உணவு கட்டுப்படுத்தப்பெற்றது. ஓராண்டு கழிந்தபோது அவர்களுள் நூற்றுக்கு 46 பேர் மருந்தின்றியே நோய் தணிந்த நிலையில் இருந்தனர். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவருள் நூற்றுக்கு 86 பேர் அந்நிலை எய்தினர். நால்வருள் ஒருவர்க்கு மேல் நீரிழிவுற்ற புதுச்சேரிக்கு இதனினும் இனிய செய்தி யாதுளது?

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட பாக்கள் உணவின் அளவையே பேசுகின்றன. அவ்வளவை அறிய இன்று நமக்குக் கணக்கும் உண்டு, தராசும் உண்டு, நாடாவும் உண்டு. இலையில் அளவும் தோளில் சுமையும் ஒருங்கே அமையுமாயின் மெலிவு வலிவோடு கூடும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விட்டோர், பாதி வழியில் நின்றவராவர். வில்லியனூரிலும் பாகூரிலும் வயலில் உழைத்த நம் முன்னோர் உழைப்பால் பெற்றிருந்த உரத்தை, நாம் பயிற்சியால் பெறுவோமாக.